குளியல் பொடி முதல் கழுத்துக் கருப்பு வரை: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் சருமக் கேள்விகள்

வீட்டுக்கு அரைக்கும் குளியல் பொடியை அக்கம்பக்கத்துக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்து வருகிறேன். பொடி வாங்க வருகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியும் கொண்டு வருவார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சமையலறைப் பொருளால் தோலுக்கு இரண்டு வேலை நன்றாக நடக்கும்: அழுக்கு போகும், ஈரப்பசை நிற்கும். வெயிலைத் தடுக்கவோ, நோயைக் குணப்படுத்தவோ அதனால் முடியாது. கீழே இருக்கிற பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

அக்கா, பொடிக்கு என்னென்ன போடறீங்க? அளவு சொல்லுங்க.

பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ. இந்த இரண்டும்தான் பொடி. மற்றதெல்லாம் வாசனைக்கும் குளுமைக்கும்: ஆவாரம்பூ 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், கோரைக்கிழங்கு 50, பன்னீர் ரோஜா இதழ் 50, கஸ்தூரி மஞ்சள் 50, வெட்டிவேர் ஒரு கைப்பிடி. செவ்வாய்ப்பேட்டை, சின்னக்கடை வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். ஆவாரம்பூ மட்டும் முடிந்தால் நீங்களே பறித்துக் காய வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வருஷக் கணக்கில் கிடந்த பூ நிறம் வெளுத்து, வாசனை செத்துப் போயிருக்கும்.

வெட்டிவேரை அப்படியே மிஷினில் போட்டால் நாராகச் சுற்றிக்கொள்ளும், கத்தரியால் விரல் கணு அளவுக்கு நறுக்கிவிடுங்கள். கிழங்குகளை இடித்துப் போடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பயறை வாயில் போட்டுக் கடித்தால் சட்டென்று உடைய வேண்டும், அதுதான் பதம்.

மில்லுக்குப் போகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி என்னங்க அரைச்சீங்க?" மிளகாய் அரைத்த மிஷினில் நம் பொடியைப் போட்டால் முதல் முறை குளிக்கும்போதே முகம் பற்றி எரியும். பச்சரிசி அரைத்த கையோடு நம்முடையதைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒரு ஆழாக்கு அரிசியைக் கொடுத்து முதலில் ஓட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். சல்லடை போதாது. சல்லடையில் தப்பி வருகிற குருணை முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறலாகப் போடும். துணியில் தங்குகிற கரகரப்பான பொடியைக் கால், முழங்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கார்போக அரிசி போடலையா? எங்க பாட்டி கட்டாயம் போடுவாங்களே.

போடுவதில்லை, யார் கேட்டாலும் போட்டுத் தருவதும் இல்லை. கார்போக அரிசியில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் சாதாரணமாகத் தாங்குகிற வெயிலையே தாங்காது. சிவந்து, கொப்புளித்து, பிறகு மாதக் கணக்கில் கருப்புத் திட்டாக நிற்கும். வெண்புள்ளிக்கு டாக்டர்கள் சோரலென் கொடுத்து அளவாக ஒளி காட்டுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். அளவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய பொருள் அது. காலையில் பொடி தேய்த்துக் குளித்துவிட்டு, ஸ்கூட்டியில் ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது வேண்டாம். பாட்டி காலத்தில் குளித்துவிட்டு வீட்டு நிழலில் இருந்திருப்பார்கள். நம் வெயில் வேறு.

எந்த மஞ்சள் நல்லது?

குழம்புக்குப் போடுகிற விரலி மஞ்சள் முகத்துக்கு வேண்டாம், கறை பிடிக்கும். கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். கஸ்தூரி மஞ்சள் என்று சொல்லிக் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் பொடி கொடுத்தால் வாங்காதீர்கள்.

லீ பஜார் பக்கம் மஞ்சள் மண்டி இருக்கிற ஊர் நம்முடையது, பாக்கெட் பொடி வாங்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லை. கிழங்காக வாங்குங்கள். அதிலும் பளபளவென்று மெருகேற்றியது வேண்டாம். மங்கலான மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈயம் கலந்த குரோமேட் சாயம் பூசுகிற மோசடி பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சமையல் மஞ்சளுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மஞ்சள் பூசினால் முகத்து முடி கொட்டுமா என்று பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வேரோடு போகாது. தாடையிலும் மேலுதட்டிலும் திடீரென்று முடி தடித்து வளர்கிறது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது என்றால் அது பூச்சு வேலை இல்லை. ஹார்மோன் பரிசோதனைக்குப் பெண்கள் நல டாக்டரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

எங்க ஏரியாவில் போர் தண்ணிதான். என்ன தேய்ச்சாலும் தோல் வறண்டு வெள்ளை பூத்துடுது.

சேலத்தில் பாதி பேரின் குறை இது. நம் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். கருப்பூர்ப் பக்கம் தோண்டி எடுக்கிற வெள்ளைக்கல்லே மக்னீசியம் கார்பனேட்தானே. இந்த உப்புகள் சோப்போடு சேர்ந்தால் நுரை வராது, கரையாத பசையாகத் திரியும். பக்கெட் விளிம்பில் ஒட்டுகிற அதே வெள்ளைப் பசை தோலிலும் தலைமுடியிலும் படிகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் சோப்பு போடுவோம், தோல் இன்னும் காயும்.

பயறுப் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை, உப்புத் தண்ணீரிலும் பசையாகாது. அதனால்தான் போர் தண்ணி வீடுகளுக்கு நான் பொடியை அழுத்திச் சொல்கிறேன். சோப்பு வேண்டுமென்றால் அக்குள், தொடை இடுக்கு, பாதம் மட்டும் போதும். கையும் காலும் முதுகும் தினம் சோப்பு கேட்பதில்லை. குழாயில் மேட்டூர்த் தண்ணி வருகிற நாளில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு சொம்பை அதில் ஊற்றிக்கொள்ளுங்கள். தலைக்கு ஊற்றும்போது வித்தியாசம் கையிலேயே தெரியும், முடி வழுக்கிக்கொண்டு போகும்.

தலைக்கு நம் பக்கத்து அரப்பு இருக்கும்போது வேறென்ன வேண்டும்? உசிலை மரத்து இலையைக் காய வைத்து அரைத்த பொடி. நல்லெண்ணெய் தேய்த்த தலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கண்ணில் மட்டும் விடாதீர்கள்.

எலுமிச்சை, சமையல் சோடா இரண்டும் முகத்துக்கு நல்லதுன்னு வீடியோவில் சொல்றாங்க.

இரண்டும் வேண்டாம். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.ஹெச் கணக்கில் சுமார் 5 (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). எலுமிச்சைச் சாறு 2 பக்கம், சமையல் சோடா 8-க்கு மேல். ஒன்று அரிக்கும், மற்றது தோலின் காப்பை உரிக்கும். எலுமிச்சையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கார்போக அரிசி மாதிரியே வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள்கள் அதன் தோல் எண்ணெயிலும் சாற்றிலும் இருக்கின்றன. மதிய வெயிலில் ஜூஸ் பிழிந்த கையில் பழுப்புக் கோடுகள் விழுவது அதனால்தான். எலுமிச்சையைக் குடியுங்கள்.

கோடை விழாவுக்கு ஏற்காடு போனோம். சில்லுன்னு இருந்துச்சு, ஆனா வீட்டுக்கு வந்து பார்த்தா முகமெல்லாம் கறுத்திருக்கு. எப்படி?

குளிர்ச்சிக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தம் இல்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி முடிக்கும்போது காற்று குளிர்கிறது, கதிரோ கூடுகிறது. சேலத்தில் வெயில் சுட்டதும் நிழலுக்கு ஓடுகிறோம். அங்கே சுடாததால் ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று நாள் முழுக்கத் திறந்த வெளியில் நிற்கிறோம். மேகம் மூடியிருந்தாலும் கதிரில் பெரும்பகுதி கீழே வந்துவிடும்.

இங்கேதான் வீட்டு வைத்தியம் கையை விரிக்கிறது. தேங்காய் எண்ணெய், சந்தனம், கேரட் விதை எண்ணெய் எதுவும் சன்ஸ்கிரீன் ஆகாது. கடையில் எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத ஒன்றை வாங்குங்கள், விலை அதிகமானதாக இருக்க வேண்டியதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும், பொட்டு வைத்துத் தேய்த்தால் பாதிப் பயன்கூட இல்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். குடை, தொப்பி, முழுக்கைச் சட்டைக்கு இணை எந்த கிரீமும் இல்லை.

கறுத்த பிறகு என்ன செய்யலாம் என்றால், தயிரில் பயறுப் பொடி குழைத்து மெதுவாகப் பூசிக் கழுவலாம், சுகமாக இருக்கும். நிறம் திரும்ப வாரக் கணக்கில் ஆகும், தேய்த்து அவசரப்படுத்த முடியாது.

நாங்க மலையிலயே இருக்கோம். பனி நாளில் கால் கையெல்லாம் வெடிச்சுப் போகுது.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதை முதலில் விடுங்கள். ஏற்காட்டுக் குளிரில் வெந்நீர் சொர்க்கமாகத்தான் இருக்கும், ஆனால் அது தோலின் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு போகிறது. வெதுவெதுப்பு போதும், பத்து நிமிஷம் போதும். துவட்டி முழுசாகக் காய்வதற்குள், ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். காய்ந்த தோலில் தடவினால் பிசுபிசுப்புதான் மிச்சம்.

24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், மலையில் மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் வராது. வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வைத்தால் விரலால் வழித்து எடுக்கலாம், உள்ளங்கைச் சூட்டில் இளகிவிடும். முகப்பரு இருப்பவர்கள் முகத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் போட வேண்டாம், துவாரத்தை அடைக்கும்.

பையனுக்குக் கழுத்தைச் சுத்திக் கருப்பா இருக்கு. எலுமிச்சையும் சர்க்கரையும் போட்டுத் தேய்ச்சும் போகலை.

தயவுசெய்து தேய்ப்பதை நிறுத்துங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொடி கொடுக்க மாட்டேன். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் துணி போல் தடித்துக் கருப்பது பெரும்பாலும் அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, இன்சுலின் அதிகமாகச் சுரந்து தோலைத் தடிக்க வைக்கிறது. சர்க்கரை நோய்க்கு முன்கூட்டியே அடிக்கிற மணி அது. உடல் எடை கூடிய பிள்ளைகளிடம் அதிகம் காணலாம். "குளிக்கிறதே இல்லையா" என்று பள்ளியிலும் வீட்டிலும் அந்தப் பிள்ளையைத் திட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கிறது. அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். மாலையில் பாட்டில் கூல்டிரிங்ஸ், பேக்கரி ஐட்டம் குறையட்டும். வெளியில் சாப்பிட ஆசைப்பட்டால் நம் தட்டுவடை செட்டே மேல், பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்துத் தருகிறார்கள், ஒரு செட்டோடு நிறுத்திக்கொண்டால் சரி. எடை குறைந்து சர்க்கரை கட்டுப்பட்டால் கழுத்துக் கருப்பு தானாக வெளுக்கத் தொடங்கும்.

மாம்பழ சீசன் வந்தா வாயைச் சுத்திப் புண்ணு வருது. சூடுன்னு சொல்றாங்க.

சூடு இல்லை, பால். காம்பிலிருந்து வடிகிற மாம்பால் தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜியாகி அரிக்கும், நீர் கோர்க்கும். மல்கோவாவை ஊறப் போட்டுக் கழுவி, காம்புப் பக்கம் தாராளமாக வெட்டி எறிந்து, தோல் சீவித் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள். தோலோடு கடித்து உறிஞ்சுவதை விட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரி.

எண்ணெய்க் குளியல் நல்லதா? குழந்தைக்கும் ஊத்தலாமா?

பெரியவர்களுக்கு வாரம் ஒரு முறை நல்லெண்ணெய் தேய்த்து, அரை மணி நேரம் ஊறிக் குளிப்பது அருமையான பழக்கம். தேய்க்கும்போது தசை இளகுகிறது, அன்று ராத்திரி நல்ல தூக்கமும் வருகிறது. வழுக்கி விழாமல் பாத்ரூம் தரையைக் கழுவிவிடுங்கள். பொடுகு இருப்பவர்கள் மட்டும் எண்ணெயைத் தலையில் ராத்திரி முழுக்க ஊற விட வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை அந்தக் கொழுப்பைத் தின்றே பெருகும்.

குழந்தைக்கு மெதுவாகத் தேய்த்து விடலாம். ஆனால் மூக்கிலும் காதிலும் கண்ணிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் ஊதவும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகியிருக்கிறது. பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க அத்தை" என்று சொல்லிவிடுங்கள், எந்தக் குழந்தை டாக்டரும் அதைத்தான் சொல்வார்.

பொண்ணு பார்க்க வர்றாங்க. ஒரு மாசத்தில் கலர் வருமா?

வராது. நிறம் பிறப்பில் வருவது. குங்குமப்பூப் பாலாலும் மாறாது, கிரீமாலும் மாறாது. ஒரு மாதத்தில் வெளுக்க வைக்கிறது என்றால் அந்த கிரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கும். ஸ்டீராய்டு முதலில் பளிச்சென்று காட்டும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும், நிறுத்தினால் எரியும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. 2023-ல் கேரளத்தின் மலப்புறத்தில் சிவப்பழகு கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதித்தது, பாதரசம்தான் காரணமாகக் கண்டறியப்பட்டது. தயாரித்தவர் பெயர் இல்லாத டப்பா எதையும் பெண்ணின் முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். கருப்பு ஒரு குறை என்று அவளிடம் சொல்லவும் சொல்லாதீர்கள்.

மருவுக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து வைத்தால் மருவோடு சேர்த்துச் சதையையும் வெந்துபோகச் செய்யும். எருக்கம்பால், முந்திரிக்கொட்டை எண்ணெய், அரைத்த பூண்டு எல்லாமே இதே கதைதான். தோல் டாக்டரிடம் சில நிமிஷ வேலை. அளவு, நிறம் மாறுகிற மச்சமாக இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

கற்றாழை?

நல்லது, ஆனால் மடலை வெட்டியதும் வழிகிற மஞ்சள் பாலை வடித்துவிட வேண்டும், அரிப்பு அதில்தான். வெட்டிய முனை கீழே இருக்கும்படி டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள், பழுப்பாக ஒழுகி நிற்பதைப் பார்ப்பீர்கள். பிறகு கழுவிச் சோற்றை எடுங்கள். முழங்கை உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். எந்தப் புதுப் பொருளுக்கும் இதே சோதனை உண்டு.

முதுகில் வெள்ளை வெள்ளையா தேமல். பூவரசு இலை போடலாமா?

தேமல் பூஞ்சையால் வருவது, மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும். ஆனால் வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சால் வருடினாலும் தெரியவில்லை என்றால் நாள் கடத்தாமல் அரசு ஆஸ்பத்திரி போங்கள். தொழுநோயாக இருந்தாலும் மாத்திரையால் முழுசாகக் குணமாகும், மருந்து இலவசம். படர்தாமரைக்கும் வீட்டு வைத்தியமும் வேண்டாம், மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமும் வேண்டாம்.

இதெல்லாம் செய்ய நேரமில்லைங்க. தினம் செய்ய சின்னதா ஏதாவது?

தூக்கம்தான் முதலில். ஏழு மணி நேரம். போனைப் படுக்கைக்குக் கொண்டு போகாதீர்கள். காலையில் நடை: கோரிமேடு தாண்டி அடிவாரம் பக்கம் விடிகாலையில் எத்தனை பேர் நடக்கிறார்கள் பாருங்கள், சேர்ந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். ராத்திரி பாதம் கழுவி விரல் இடுக்கைத் துடைப்பது, சேற்றுப்புண் வராது. குதிகால் வெடிப்புக்கு ஊற வைத்து வாஸ்லின் தடவிச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள், சர்க்கரை இருப்பவர்கள் வெடிப்பைப் பிளேடால் சீவவே கூடாது. வாரம் ஒரு முறை தலையணை உறை மாற்றுங்கள், பரு இருக்கிற பிள்ளைகளுக்கு இது கூடுதலாக நல்லது. சித்திரை வெயிலில் தறிக் குழியிலோ கொலுசுப் பட்டறையிலோ உட்கார்ந்திருப்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் நீர்மோர் குடியுங்கள். பட்டறையில் ஆசிட் தொடுகிற கைக்குக் கையுறைதான் வைத்தியம்.

பொடி எத்தனை நாள் தாங்கும்? ஹாஸ்டலுக்குக் கொடுத்து அனுப்பலாமா?

நன்றாகக் காய்ந்த பொடி ஆறு மாதம் தாங்கும். பெரிய டப்பாவைப் பாத்ரூமில் வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காய்ந்த ஸ்பூனும் அதிலேயே இருக்கட்டும். தண்ணீரோ தயிரோ கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பூச வேண்டாம். கட்டி தட்டினாலோ, பூச்சி ஓடினாலோ, சிக்கு வாடை வந்தாலோ சலித்துப் பயன்படுத்த நினைக்காமல் செடிக்குக் கொட்டிவிடுங்கள். பயறு அரை கிலோ அரைத்தாலே ஒருத்திக்கு ஒரு பருவம் ஓடும், லீவில் வரும்போது புதுசாக அரைத்துக் கொடுங்கள்.